இலையில் சோறு குறைந்தால்

1905ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படைக்காரர்கள் மறுபக்கம். ஒரு பக்கத்துக்குச் சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. மறுபக்கத்துக்கு இந்தியப் புழுங்கலரிசிச் சோறு. ஓராண்டு கழித்துப் பார்த்தால், வெள்ளை அரிசி தின்ற பக்கத்தில் பெரிபெரி நோய் பலரைச் சாய்த்திருந்தது. புழுங்கலரிசிப் பக்கத்தில் புதிதாக ஒருவரையும் அது தொடவில்லை.

தோட்டத்துத் தமிழர்களைப் பெரிபெரி அவ்வளவாக அண்டுவதில்லை என்பதை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் அதற்கு முன்பே கவனித்திருந்தார். அவர்கள் சாப்பிட்டது புழுங்கல். பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் காரணத்தை அரிசியின் தவிட்டில் கண்டார்கள். உலகம் பின்னாளில் வைட்டமின் பி1 என்று பெயர் வைத்த பொருளின் கதையில் மலாயாவுக்கும், மலாயாத் தமிழனின் சோற்றுப் பானைக்கும் இப்படி ஓர் இடம் உண்டு.

அதே நகரில், நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தத் தோட்டத்துத் தமிழர்களின் பேரப்பிள்ளைகள் சோற்றைப் பற்றி வேறொரு கேள்வி கேட்கிறார்கள். எந்த அரிசி என்பதல்ல அது. அரிசியே வேண்டுமா என்பது. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மதியம் ஒரு மணிக்கு வாழையிலைக் கடைகளில் நின்று கவனித்தால் போதும். சோற்றுச் சட்டியோடு வருகிறவரிடம் கையை அமர்த்தி, "சோறு கொஞ்சமா போதும்ணே" என்று சொல்கிறவர்கள் மேசைக்கு மேசை இருக்கிறார்கள். சிலர் சோறே வேண்டாம் என்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் அடுத்த நிமிடமே தே தாரிக் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம். அதற்கும் வருவோம்.

கேள்வி வேடிக்கைக்கு எழுந்ததல்ல. 2019இல் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய சுகாதார, நோய்நிலைக் கணக்கெடுப்பில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு: மூவரில் ஒருவர் என்ற அளவை ஒட்டி வருகிறது. அதே கணக்கெடுப்பில் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் நாட்டளவில் 50.1 விழுக்காடு, இந்தியர்களில் 63.9. வயிற்றுப் பருமன் இந்தியர்களில் 68.3. மூன்று பட்டியலிலும் முதலிடம் நமக்குத்தான். 2023 கணக்கெடுப்பில் நாட்டளவிலான நீரிழிவு விகிதம் 15.6ஆக இறங்கியது, எடை கூடியவர்களின் விகிதமோ 54.4ஆக ஏறியது.

வயிற்றுப் பருமன் என்ற மூன்றாவது எண்தான் உண்மையில் முக்கியம். 2004இல் 'லான்செட்' இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே அச்சிட்டார்கள். புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒரே அளவு, 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2. தராசு ஒன்றே சொன்னாலும் உடல் வேறு சொன்னது. தெற்காசிய உடல்வாகில் தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் தொப்பையைச் சுற்றி. அதனால்தான் மலேசிய வழிகாட்டிகளில் அதிக எடைக்கான கோடு 25இல் அல்ல, 23இலேயே விழுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செண்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80ஐயும் எட்டினால் எச்சரிக்கை. "ஆளு ஒல்லிதான், ஆனா இனிப்பு நீர்" என்று கிள்ளானில் பாட்டிமார் சொல்வதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்த உடல் ஒரு காலத்தில் விடியும் முன்பே பிரட்டுக்கு நின்றது, கித்தா மரங்களுக்கிடையே நடந்து பால் வெட்டியது, வாளி சுமந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலைக்கு வந்தவர்களும் கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் அப்படித்தான். அந்த உழைப்புக்கு மலைபோல் சோறு சரியாக இருந்தது. தோட்டங்கள் வீட்டுமனைகளாகி, குடும்பங்கள் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் ஷா ஆலாமுக்கும் இடம்பெயர்ந்த பிறகு வாளி போய்விட்டது. ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் காருக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் வந்துவிட்டது. சோற்றின் அளவு மட்டும் லயத்து அளவிலேயே நின்றது. கூடவே நகரம் தன் பங்குக்கு ரொட்டி சானாயையும் இருபத்து நான்கு மணி நேர மாமாக் கடையையும் சேர்த்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சாதாரண வேலைநாளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் தோராயமானவை, கைக்குக் கை, கடைக்குக் கடை மாறும். காலைப் பசியாறல் இரண்டு ரொட்டி சானாய்: மாவுச்சத்து 90 கிராம். உடன் ஒரு தே தாரிக்: அதில் விழும் கெட்டிப்பாலில் எடைக்குப் பாதி சீனிதான், ஆகவே 25 கிராம். மதியம் இலையில் மறுசோறும் வாங்கினால் 350 கிராம் சோறு: வெந்த சோற்றில் நூற்றுக்கு 28 என்ற கணக்கில் 98 கிராம். மாலை இன்னொரு தே தாரிக், ஒரு கறிபாப்: 45. இரவு 'சோறு வேண்டாம்' என்று மூன்று தோசை: 70. மொத்தம் 330 கிராமைத் தொடுகிறது. ஒரு கிராமுக்கு 4 கலோரி என்றால் 1,300 கலோரிக்கு மேல் மாவும் சீனியும் மட்டுமே தருகின்றன. இந்த நாளில் புரதம் எங்கே இருந்தது என்று தேடினால், மதிய இலையின் ஓரத்தில் ஒரு துண்டு மீனாக ஒதுங்கிக் கிடக்கும்.

குறை மாவுச்சத்து உணவுமுறை என்பதற்கு ஒரே இலக்கணம் இல்லை. நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே என்றால் பொதுவாக அந்தப் பெயர் பொருந்தும். 50க்கும் கீழே, 20 வரை இறங்கினால் அது கீட்டோ: உடல் சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரித்து, கீட்டோன் என்ற பொருளில் ஓடத் தொடங்கும் நிலை. மேலே சொன்ன நாளைக் கொண்ட ஒருவர் 130க்கு வருவதே பாதிக்கும் மேல் வெட்டுவதாகும். 20க்கு வருவதென்றால் ரொட்டிக் கடை இருக்கும் தெருவையே மாற்ற வேண்டும்.

யோசனை புதிதல்ல. 1863இல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்ற சவ அடக்க ஏற்பாட்டாளர், தன் காது மருத்துவர் ஹார்வி சொல்படி ரொட்டி, சீனி, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விட்டு, 202 ராத்தலிலிருந்து ஓராண்டில் நாற்பதுக்கும் மேல் இறங்கி, அதைச் சிறு நூலாக வெளியிட்டார். அவர் பெயர் ஸ்வீடிஷ் மொழியில் 'உணவைக் கட்டுப்படுத்து' என்ற வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ரஸ்ஸல் வைல்டர் கீட்டோ உணவுக்குப் பெயர் சூட்டினார். எடை குறைக்க அல்ல, வலிப்பு நோய்க்காக. 1972இல் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல் அதை உடல் இளைப்பின் மதமாக்கியது.

தமிழில் இந்த அலைக்குப் பெயர் பேலியோ. நியாண்டர் செல்வனின் நூலும் 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' என்ற முகநூல் குழுவும் 2010களின் நடுவில் அதை வீட்டுச் சொல்லாக்கின. காலையில் 100 பாதாம், வெண்ணெய் போட்ட டீ, மதியம் காலிஃபிளவர் சோறு, இரவு இறைச்சி என்ற பட்டியலைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பம் அரிது. அதன் பெரிய சாதனை அறிவியலில் இல்லை, மொழியில் இருக்கிறது: மாவுச்சத்து என்ற ஒன்றை இட்லியிலும் அடையாளம் காணத் தமிழர்களைப் பழக்கியது. இட்லி ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லை, ஆகவே எவ்வளவு தின்றாலும் ஆகும் என்ற நம்பிக்கை அதற்குப் பிறகுதான் ஆட்டம் கண்டது.

சரி, இளைக்கிறதா? இளைக்கிறது. முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கிவிட்டது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் ஏறத்தாழ அரைக் கிலோ கிளைக்கோஜன் சேமிப்பு இருக்கும். ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவு நீர் ஒட்டியிருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் சேமிப்பு தீர்கிறது, நீர் வெளியேறுகிறது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் உள்ளே போனதும் அந்த இரண்டு கிலோ ஒரே நாளில் திரும்பி வருவதும் இதனால்தான். அதைக் கண்டு மனம் விட்டுப் போகிறவர்கள் அநேகம்.

கொழுப்பு எவ்வளவு கரைகிறது என்பதே கேள்வி. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், இஸ்ரேலின் டிமோனா நகரில் ஒரே பணியிடத்தைச் சேர்ந்த 322 பேர் மூன்று பிரிவாக இரண்டு ஆண்டுகள் உண்டார்கள். குறை மாவுச்சத்துப் பிரிவு 4.7 கிலோ இறங்கியது, மத்தியதரைக்கடல் உணவுப் பிரிவு 4.4, குறை கொழுப்புப் பிரிவு 2.9. வெற்றி என்று பேலியோக்காரர்கள் கொண்டாட இடமுண்டு. பத்தாண்டு கழித்து, 2018இல், ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை ஓராண்டு தொடர்ந்தார். குறை மாவுச்சத்துக்காரர்கள் சராசரி 6 கிலோ, குறை கொழுப்புக்காரர்கள் 5.3. புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. அந்த ஆய்வில் இரு பிரிவுக்கும் சொல்லப்பட்டது ஒன்றே: சீனியைக் குறை, தீட்டிய மாவைக் குறை, காய்கறியைக் கூட்டு, வீட்டில் சமை. இரு பிரிவிலும் சிலர் 25 கிலோவுக்கும் மேல் இளைத்தார்கள். சிலர் முன்பைவிடப் பருத்தார்கள்.

இன்னும் கறாரான ஒரு சோதனை உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தின் கெவின் ஹால் 2015இல் 19 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்க வைத்து, ஒரே அளவு கலோரியை ஒரு முறை மாவுச்சத்திலிருந்தும் இன்னொரு முறை கொழுப்பிலிருந்தும் வெட்டினார். இரண்டிலும் உடற்கொழுப்பு கரைந்தது. கொழுப்பை வெட்டியபோது சற்றுக் கூடுதலாகவே கரைந்தது. ஆறே நாள் சோதனை என்பதால் அதை வைத்து வாழ்நாள் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. இன்சுலின் இறங்கினால் போதும், எவ்வளவு தின்றாலும் கொழுப்பு தானே உருகும் என்ற வாக்குறுதி நிற்காது. குறை மாவுச்சத்து உணவு வேலை செய்வது பெரும்பாலும் ஆளைக் குறைவாகத் தின்ன வைப்பதால்.

அப்படியானால் ஏன் குறைவாகத் தின்கிறார்கள்? இங்கேதான் நாக்கு வருகிறது.

'வாய் கேக்குது' என்று நாம் சொல்வதும், மலாய்க்காரர் 'கியான்' என்பதும் பசியல்ல. மதியம் இலைச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்தில் வடைக் கடைப் பக்கம் கால் இழுப்பதைப் பசி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வு 270 பேரின் இந்த ஏக்கத்தை இரண்டாண்டு அளந்தது. குறை மாவுச்சத்துப் பிரிவினருக்கு மாவுப் பண்டங்கள் மீதான ஏக்கம் தணிந்தது. குறை கொழுப்புப் பிரிவினருக்கோ கொழுப்புப் பண்டங்கள் மீதான ஏக்கம் தணிந்தது. எதை விட்டார்களோ அதையே நாக்கு மறந்தது. விட்டதை நினைத்து ஏங்கிச் சாவோம் என்ற பயத்துக்கு நேர் எதிரான முடிவு இது. அளவாகத் தின்பவரைவிட அறவே விட்டவருக்கு நிம்மதி என்பதைப் புரட்டாசியில் மாதம் முழுக்க இறைச்சி தொடாதவர்களும், தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கும் காவடிக்காரர்களும் ஆய்வு இல்லாமலேயே அறிவார்கள். முதல் பத்து நாள்தான் பாடு.

மற்ற காரணங்கள் வயிற்றில் இருக்கின்றன. மாவுச்சத்தைக் குறைக்கும்போது புரதம் கூடுகிறது. புரதம் நெடுநேரம் நிறைவு தரும். இளைக்கும் எவருக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் ஏறும். கீட்டோ நிலையில் அந்த ஏற்றம் அடங்கியிருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. தேர்வுகள் குறைவதும் ஒரு காரணம்: மாமாக் கடைப் பட்டியலில் மாவு இல்லாத பண்டம் நாலைந்துதான் தேறும், நாலு நாளில் சலித்துவிடும். சலிப்பும் ஒரு மருந்துதான்.

இதுவரை வந்தவை மேற்கத்திய ஆய்வுகள். நம் தட்டுக்கு மிக நெருங்கிய சான்று சென்னையிலிருந்து வருகிறது. மருத்துவர் வி. மோகன், ஆர்.எம். அஞ்சனா ஆகியோரின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்தும் இந்தியாப் ஆய்வு 1,21,077 பெரியவர்களின் உணவை அலசி 2025இல் முடிவுகளை வெளியிட்டது. இந்தியர்களின் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்து. மொத்தக் கலோரியில் வெறும் 5 விழுக்காடு அளவு மாவுச்சத்தைப் பருப்பு, பால், முட்டை, மீன் போன்றவற்றின் புரதமாக மாற்றுவதோடு நீரிழிவு அபாயக் குறைவு தொடர்புடையதாக இருந்தது. சிவப்பு இறைச்சியாக மாற்றினால் அந்தப் பலன் தென்படவில்லை.

அந்த ஆய்வில் இன்னொரு முடிவு உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு தமிழ் வீட்டுக் குளிர்பெட்டியிலும் ஒட்டி வைக்கத் தகுந்தது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசியை முழுக் கோதுமையாகவோ சிறுதானியமாகவோ மாற்றிக்கொண்டால் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. நம் ஊரில் 'டாக்டர் சோறு சாப்பிட வேணாம்னாரு' என்ற சொல்லுக்கு அடுத்து வரும் வாக்கியம் எப்போதும் 'அதான் ராத்திரியில சப்பாத்தி' என்பதுதான். நாலு சப்பாத்தியில் இருப்பதும் ஒரு தட்டுச் சோற்றில் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே அளவு மாவு. ஓட்ஸ் கஞ்சிக்கும், லிட்டில் இந்தியா கடைகளில் விலை ஏறிவிட்ட தினை, வரகுக்கும் அதே கணக்கு. சோற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு அதன் சகோதரர்களை விருந்துக்கு அழைப்பது உணவுக் கட்டுப்பாடு ஆகாது.

எவ்வளவு குறைக்கலாம்? அதே குழு 2022இல் 18,090 பேரின் தரவுகளைக் கொண்டு போட்ட கணக்கில், புதிதாக நீரிழிவு வந்தவர்களுக்கு அது தணிய மாவுச்சத்து 49 முதல் 54 விழுக்காடு, புரதம் 19 முதல் 20 விழுக்காடு என்று வந்தது. கீட்டோவுக்கு வெகு தூரம். மலேசிய ஊட்டச்சத்துப் பரிந்துரையான 50 முதல் 65 என்ற வீச்சின் கீழ்முனையை ஒட்டியது. 2018இல் 'லான்செட் பொதுச் சுகாதாரம்' இதழில் வந்த, 15,428 அமெரிக்கர்களைக் கால் நூற்றாண்டு தொடர்ந்த ஆய்விலும் 50 முதல் 55 விழுக்காட்டுக்காரர்களிடமே மரண விகிதம் மிகக் குறைவு. மிக அதிகமாகத் தின்றவர்களுக்கும் ஏறியது, மிகக் குறைவாகத் தின்றவர்களுக்கும் ஏறியது. குறைத்த இடத்தை ஆடு, மாடு, பன்றி, கோழியால் நிரப்பியவர்களுக்கு அபாயம் கூடியது. கொட்டை, காய்கறி போன்றவற்றால் நிரப்பியவர்களுக்கு இறங்கியது. இவை அவதானிப்பு ஆய்வுகள், காரணத்தை நிறுவுபவை அல்ல. ஆனால் சென்னையும் அமெரிக்காவும் ஒரே திசையில் கை காட்டுகின்றன: சோறு போன இடத்தில் என்ன வந்து உட்கார்கிறது என்பதே வழக்கின் சாரம்.

அந்தக் காலி இடத்தை நிரப்புவதில் மலேசியத் தமிழனுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது, அவன்தான் கண்டுகொள்வதில்லை. சந்தையில் கெம்போங் மீன் இருக்கிறது, நூறு கிராமில் 20 கிராம் அளவு புரதம். பக்கத்திலேயே வாழையிலையில் மடித்த தெம்பே, அதிலும் ஏறத்தாழ 19 கிராம். மாவுச்சத்து பத்துக்கும் கீழே. தௌபூ உண்டு. காங்கோங், பாயாம், சாவி என்று கீரை வகை. தெம்பேயை மலாய்க்காரர் உணவு என்றும் தௌபூவைச் சீனர் உணவு என்றும் ஒதுக்கி வைத்துவிட்டு, கீட்டோ செய்கிறேன் என்று பாதாம் மாவுக்கும் இறக்குமதிப் பாலாடைக்கும் காசைக் கொட்டுவது பெரிய விநோதம். தெம்பேயைச் சிறு துண்டாக நறுக்கி, மிளகும் கறிவேப்பிலையும் போட்டுப் பெரட்டினால் அது தமிழ் ஆகிவிடும். புரட்டாசி மாதத்தில் சைவக் கடைகளில் மாவும் சோயாவும் பிசைந்து செய்த 'சைவ ஆட்டிறைச்சி'யைவிட அது எவ்வளவோ மேல். போலி இறைச்சியில் உப்பும் எண்ணெயும் கொஞ்சநஞ்சமல்ல.

காசு பற்றி உணவு அறிவுரையாளர்கள் பேசுவதே இல்லை. உள்ளூர் வெள்ளை அரிசியின் கட்டுப்பாட்டு விலை கிலோ 2 வெள்ளி 60 காசு. நாள் முழுக்கத் தேவையான 2,000 கலோரியை அரிசியிலிருந்தே எடுப்பதானால் 570 கிராம் அரிசி, ஒன்றரை வெள்ளி. அதையே முட்டையிலிருந்து எடுப்பதானால் முட்டைக்கு 70 கலோரி வீதம் 29 முட்டை வேண்டும். முட்டை 40 காசு என்று வைத்தாலும் 11 வெள்ளிக்கு மேல். அந்த முட்டைக்கு இருந்த அரசு மானியமும் 2025 ஆகஸ்டில் நின்றுவிட்டது. கோழிக்கான உச்சவிலை 2023 நவம்பரில் எடுக்கப்பட்டது. சீனி மட்டும் கிலோ 2 வெள்ளி 85 காசு என்ற கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது. கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்திடம் போய்ச் சோற்றை விடு, இறைச்சியைத் தின் என்பது, பணப்பையை மாற்று என்று சொல்வதற்குச் சமம். மலிவான கலோரி அரிசியும் சீனியும்தான் என்றால், வருமானம் குறைந்த வீட்டில் தொப்பை கூடுவதற்கு நாக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. முழுக் கீட்டோ, மத்தியதர வகுப்பின் விளையாட்டு. அரைவாசிச் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் இரண்டு முட்டையும் ஒரு கை கீரையும் வைப்பது எல்லார் கைக்கும் எட்டும்.

சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டும் சொல்வது அதைத்தான். கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ முட்டையோ பருப்போ, அரைத் தட்டு காயும் பழமும். கவர்ச்சியில்லாத அறிவுரை, யாரும் அதைப் பற்றி முகநூலில் முன்-பின் படம் போட மாட்டார்கள். வாழையிலைக்கும் அது பொருந்தும். இலையின் நடுவில் சோற்று மலை, மேல் ஓரத்தில் ஒரு கரண்டி காய் என்று இருப்பதைத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவே. சோறு மட்டுமா மறுபடி கேட்டால் வருகிறது? காயும் வருகிறது. ஆனால் மறுசோறு கேட்பது பெருமையாகவும் மறுகாய் கேட்பது கூச்சமாகவும் நமக்கு எப்படியோ பழகிவிட்டது.

இனி அந்த தே தாரிக். இரண்டு குவளையை விட்டால் நாளுக்கு 50 கிராம் மாவுச்சத்து, 200 கலோரி போகிறது. சோற்றில் கை வைக்க வேண்டிய தேவையே பலருக்குப் பாதியாகக் குறையும். மலேசியா 2019 ஜூலை முதல் சீனி பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 2024இல் 50, 2025இல் 90 காசு. ஆனால் அந்த வரி டின்னிலும் பாட்டிலிலும் வருவதற்குத்தான். கடைக்காரர் கையால் ஆற்றித் தரும் குவளைக்கு வரி கிடையாது, அளவுச் சீட்டும் கிடையாது. அங்கே வாடிக்கையாளரின் வாய்தான் சட்டம். அதற்கான சொற்கள் எல்லாம் ஏற்கெனவே நம் வாயில் இருக்கின்றன: 'குராங் மானிஸ்' என்றால் இனிப்புக் குறைவு, 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் சீனியும் இல்லை, 'தே சி கோசோங்' என்றால் சீனி சேராத ஆவிப்பால் மட்டும். உலகில் வேறெந்த ஊரிலும் மூன்றே சொல்லில் இவ்வளவு துல்லியமாக டீ கேட்க முடியுமா என்பது சந்தேகம்.

குறை மாவுச்சத்துப் பாதையில் தடுக்கி விழும் இடங்களும் உண்டு. முதல் வாரத்தில் தலைவலி, அசதி, மலச்சிக்கல் வரலாம். உப்பும் நீரும் வெளியேறுவதால் வருவது, பெரும்பாலும் தானே சரியாகும். சிலருக்கு நெய்யும் தேங்காய்ப்பாலும் இறைச்சிக் கொழுப்பும் கூடியதும் எல்டிஎல் கொலஸ்டிரால் கடுமையாக ஏறும். இரத்தப் பரிசோதனை இல்லாமல் அது தெரியாது. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர் புரதத்தை இஷ்டம்போல் கூட்டக் கூடாது. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காரணம் நீரிழிவு என்பதால், இந்த எச்சரிக்கை நம்மவர்களுக்கு வெறும் சம்பிரதாயம் அல்ல. கொட்டையைப் பற்றியும் ஒரு சொல்: 100 பாதாம் என்பது கிட்டத்தட்ட 700 கலோரி. அதைப் பசியாறலுக்குப் பதிலாகத் தின்றால் சரி. தொலைக்காட்சி முன்னால் கச்சான் போலக் கொறித்தால் கணக்கு உதைக்கும்.

உயிருக்கே ஆபத்தான இடம் மாத்திரைப் பெட்டியில் இருக்கிறது. இன்சுலின் ஊசியோ கிளிகிளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர், மருந்தளவை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் நிறுத்தினால், இரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கி மயங்கி விழலாம். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்ற புதிய மருந்துகளோடு கீட்டோ சேர்ந்தால் வேறொரு வம்பு: சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே இரத்தம் அமிலமாகும் அபாயம். குளுக்கோமீட்டரைப் பார்த்து நிம்மதியாக இருப்பவரை அது ஏமாற்றிவிடும். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களும் கீட்டோவைத் தாமாகத் தொடங்கவே கூடாது.

மருந்து எதுவும் எடுக்காத, தொப்பை மட்டும் தொந்தரவாக இருக்கும் ஒருவர் நாளைக்கே தொடங்கலாம்: குவளையில் சீனியை நிறுத்தி, சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் மீனும் கீரையும் வைத்து, தராசோடு இடுப்பு அளவு நாடாவையும் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் பார்க்கலாம். மருந்து எடுப்பவர் இந்த மாற்றத்தை மருத்துவரிடம் சொல்லி, மாத்திரை அளவைத் திருத்திக்கொண்ட பிறகே தொடங்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ்காரருக்கும் கிள்ளான்காரருக்கும் அருகிலேயே அரசாங்கக் கிளினிக் உண்டு. குடிமகனுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி. ஒரு தே தாரிக்கின் விலையைவிடக் குறைவு.